புரட்டாசிக்குக் கழுவிய டேங்க்

பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிற செல்வாம்பாளுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வெள்ளை வாளி ஒன்று எப்போதும் இருக்கும். மத்தியானம் கீரை தீர்ந்ததும் அவள் அதைத் தூக்கிக்கொண்டு மீன் கடைகள் பக்கம் போவாள். செதில், குடல், செவுள் என்று அங்கே வெட்டித் தள்ளியதில் ஒரு வாளி வாங்கிக்கொண்டு பாகூர் பஸ் ஏறுவாள். எவ்வளவு கூட்டமான பஸ்ஸிலும் அவளுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். வாளியோடு அவள் வருவதைப் பார்த்தாலே யாராவது இரண்டு பேர் எழுந்துகொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வாளி கவிழ்ந்து கிடந்தது. செல்வாம்பாள் அதன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, வாளி மேல ஒக்காந்துட்டீங்க?" என்றாள் துர்கா.

"வா பாப்பா. புரட்டாசி பொறந்துடுச்சில்ல. இனிமே ஐப்பசி வரைக்கும் இதுக்கு வேலை கெடையாது. சீயக்கா போட்டுத் தேச்சிருக்கேன், மோந்து பாரு."

துர்கா மோந்து பார்க்கவில்லை. "அப்போ டேங்க்ல என்னா ஊத்தறீங்க?"

"டேங்க்கா? அதையும் கழுவிட்டோமே."

துர்கா பேசாமல் நின்றாள். செல்வாம்பாள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழமை வூடு கழுவனோம். மீன் சட்டி, அம்மி, அருவாமனை எல்லாம் தேச்சு மேல ஏத்தியாச்சு. டேங்க் மட்டும் கவுச்சியோட நிக்கலாமா? மூணாம் சனிக்குப் பெருமாளுக்கு அந்த கேஸ்லதான் தளிகை போடறேன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கேன். மொத்தத்தையும் வாய்க்கால்ல கவுத்துட்டு, ஒங்க மாமா உள்ள எறங்கித் தேச்சாரு. ப்ளீச்சிங் பவுடரு போட்டு. உள்ள எட்டிப் பாத்தா மொகம் தெரியுது, போ."

"கேஸ் வருதாக்கா?"

"ரெண்டு நாளா வரல. கஞ்சியும் காய்த் தோலும் ஊத்தி வெச்சிருக்கேன். இனிமே சுத்த சைவ கேஸு. கொஞ்சம் மெதுவாத்தான் வரும்போல."

துர்கா மைக்ரோபயாலஜி படித்தவள். முதலியார்பேட்டையில் அன்பழகன் என்பவருடைய பட்டறையில் வேலை பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு அடிக்கிற பட்டறை அது. அதன் ஒரு மூலையில் ஒன்றரை வருடமாக அவள் வீட்டு கேஸ் டேங்க் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குள் சின்ன டிரம் ஒன்றைக் கவிழ்த்து இறக்க வேண்டும். உள்ளே ஊற்றுகிற கழிவைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று கேஸ் விடும். கேஸ் சேரச் சேரச் சின்ன டிரம் மேலே எழும்பும். அதிலிருந்து ஒரு குழாய் அடுப்புக்குப் போகும். சாண கேஸ் என்றால் நாலு மாடும் பெரிய குழியும் வேண்டும் என்றுதான் கிராமத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாடே இல்லாத கூலிக்கார வீட்டிலும், பழைய டிரம்மில், வீட்டுக் கழிவில் அடுப்பு எரிய வேண்டும் என்பது துர்காவின் கணக்கு.

பாகூர் போகிற வழியில் இருக்கிற தன் ஊரில் அந்த டேங்க்கை முதலில் வாங்கி வைத்தவள் செல்வாம்பாள். இரண்டு மாதம் நன்றாகவே எரிந்தது. அவளுடைய மகளிர் குழுவில் அவளைத் தவிரப் பதினாலு பேர். மூன்றாம் சனிக்கிழமை தளிகைப் படையலுக்குப் பதினாலு பேரும் வருவார்கள். அன்றைக்கு அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டு, எல்லோர் வீட்டிலும் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாகப் பேச்சு. வேண்டாம் என்றால் பட்டறை மூலையைக் காலி செய்ய வேண்டியதுதான். அன்பழகன் அதை மூன்று தடவை மென்மையாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, நீங்க கழுவினது அழுக்கு இல்ல," என்றாள் துர்கா. "கேஸ் விடுற உயிரெல்லாம் அதுலதான் இருந்துச்சு. ப்ளீச்சிங் பவுடர்ல மொத்தமும் செத்திருக்கும்."

கட்டிக்கொண்டிருந்த கீரை செல்வாம்பாளின் மடியில் இறங்கியது.

"ப்ளீச்சிங் பவுடரு ஊத்தக் கூடாதுன்னு டேங்க்கோட குடுத்த அட்டையில எழுதியிருந்தனே," என்றாள் துர்கா.

"ஊத்தக் கூடாதுன்னுதான் எழுதியிருந்த. கழுவக் கூடாதுன்னு எழுதலியே."

அது சரிதான். சோப்புத் தண்ணீர், ஃபினாயில், ப்ளீச்சிங், எண்ணெய் என்று ஊற்றக் கூடாதவை எட்டு அந்த அட்டையில் இருந்தன. அதே செவ்வாய்க்கிழமை துர்காவும் தன் வீட்டு மீன் சட்டியைத் தேய்த்து, நாற்காலி போட்டு ஏறி, பரணில் வைத்திருந்தாள். அப்போதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"மூணாம் சனிக்கு எரியாதா?" என்று செல்வாம்பாள் கேட்டாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க குழுவுல அந்த ஹேமலதா ஏற்கெனவே சிரிக்கிறா, பாப்பா."

"எரிய வைக்கணும்," என்றாள் துர்கா.

*

அன்பழகன் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

"சைவ கேஸா? போர்டு எழுதி மாட்டலாம்மா."

"அண்ணா, பதினைஞ்சு நாள்தான் இருக்கு."

"எதுக்குப் பதினைஞ்சு நாள்? ஓடிக்கிட்டிருக்கிற டேங்க்லேர்ந்து ரெண்டு கேன் கரைசல் எடுத்து ஊத்தினா நாலு நாள்ல புடிச்சிக்காது?"

"புடிச்சிக்கும்."

"நெல்லித்தோப்பு மதாம் வூட்டுல ஓடுதே. போய் மொண்டுக்கினு வா."

துர்கா தயங்கினாள். "அவங்க டேங்க்ல..."

"தெரியும். நீ ஏன் அதைச் சொல்ற? ஊத்திட்டு வாயை மூடிக்கினு வா. வாயை மூடறது ஒனக்கு என்னா புதுசா?"

மறுநாள் சனிக்கிழமை காலை அவள் இரண்டு கேன்களோடு நெல்லித்தோப்பில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கிற க்ளெமான்ஸ் வீட்டுக்குப் போனாள். க்ளெமான்ஸின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்தவர். பிள்ளைகள் பாரீஸில். துர்கா செய்த முதல் டேங்க் இந்த வீட்டுத் தோட்டத்தில்தான் இருந்தது, சோதனைக்காக வைத்தது. ஒரு நாளும் அது நின்றதில்லை.

"எடுத்துக்கோ மா ஷெரி, எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோ," என்றாள் க்ளெமான்ஸ். "போன ஞாயித்துக்கிழமை ரகூ குழம்பு வெச்சேன். ரெண்டு கிலோ மாட்டுக்கறி. தம்பி வரேன்னு சொல்லிட்டு வரல. ஒண்டி ஆளு நான் எவ்ளோ சாப்புடறது? மிச்சமெல்லாம் இதுக்குத்தான் போட்டேன். என் வயித்தவிட இதுக்கு நல்லா ஜீரணம் ஆவுது."

துர்கா கேன்களை நிரப்பி மூடியை இறுக்கினாள்.

பாகூர் பஸ்ஸில் கேன்கள் அவள் காலடியில் இருந்தன. பேசாமல் இருப்பது அவளுக்கு வெட்கத்தால் வந்த பழக்கம். காலேஜில் பதில் தெரிந்தும் கை தூக்க மாட்டாள். இன்றைக்கும் பேசாமல் இருந்தால் போதும், நாலே நாளில் அடுப்பு எரியும். ரசாயனத்தைக் கேட்டால் மீத்தேனில் கவுச்சியும் இல்லை, சைவமும் இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அடுப்பில் பொங்கப் போவது துர்கா இல்லை. ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

செல்வாம்பாள் வீட்டுக் கொல்லையில் டேங்க் பளபளவென்று நின்றது. அவள் கணவர் தணிகாசலம், டவுனில் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர், நெற்றியில் நாமத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார். தேய்த்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் பயமும் இருந்தது.

"இதுதான் மருந்தா?" என்று செல்வாம்பாள் கேனின் மூடியில் கை வைத்தாள்.

"அக்கா, இது நெல்லித்தோப்புல ஒரு வூட்டு டேங்க்ல எடுத்தது."

"சரி."

"அவங்க அதுல மாட்டுக்கறி போடுவாங்க."

செல்வாம்பாள் கையை எடுத்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். தணிகாசலம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நீ சொல்லாம ஊத்தியிருந்தா எனக்கு என்னா தெரியப் போவுது?"

"தெரியாதுக்கா."

"அப்பறம் எதுக்குச் சொன்ன?"

துர்கா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கழுவினதை மறைக்காம சொன்னீங்க. இல்லன்னா எனக்கும்தான் தெரிஞ்சிருக்காது."

கோழி ஒன்று கேனைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"வேணாம் பாப்பா. எரிஞ்சாலும் எனக்கு மனசு எரியும். வேற வழி கெடையாதா?"

"பச்சைச் சாணி. சாணி மட்டும் கரைச்சு ரொப்பலாம். மாட்டு வயித்துல இருக்கிற அதே உயிர்தான் வேணும். ஆனா நாளாகும். பதினைஞ்சு, இருபது நாள்கூட ஆகும்."

செல்வாம்பாள் விரலை மடக்கினாள். "நாளைக்கு ரொப்பினா, மூணாம் சனிக்குப் பதிமூணு நாள்."

"பதிமூணு நாள்ல வர வைக்கலாம்," என்றாள் துர்கா. சொன்ன பிறகுதான் யார் சொன்னது என்று அவளே கொஞ்சம் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் மூன்று பேருமாக டேங்க்கை நாலு தண்ணீர் அலசி, ப்ளீச்சிங் வாசனை போகிற வரைக்கும் வெயிலில் கவிழ்த்துப் போட்டார்கள். கேன்கள் வந்த பஸ்ஸிலேயே திரும்பின.

"காலையில கேனை ஏத்தின, இப்பவும் கேனை ஏத்தற," என்றார் கண்டக்டர். "ஊரைச் சுத்திக் காட்டறியாம்மா அதுக்கு?"

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு துர்கா ஒரு வாளியோடு பாவாடை என்பவர் வீட்டு வாசலில் நின்றாள். அந்தத் தெருவில் மாடு வைத்திருக்கிற முதல் வீடு அது. கூப்பிட வாய் வரவில்லை. மாடுதான் அவளைப் பார்த்து ம்மா என்றது. அதைக் கேட்டு பாவாடை வெளியே வந்தார்.

"என்னாம்மா வேணும்?"

"சாணி."

"எவ்ளோ?"

"இருக்கிறதெல்லாம்."

பாவாடை அவளுடைய சுடிதாரையும் கண்ணாடியையும் பார்த்தார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ புள்ள, காலேஜ் படிச்ச பொண்ணு சாணி கேட்டுக்கினு வந்திருக்குது. இன்னிக்கு வாசத் தெளிக்க வேற எங்கனா பாத்துக்க."

நாலாவது வீட்டில் அவள் யாரும் கேட்கிறதுக்கு முன்னாலேயே சொன்னாள். ஏழாவது வீட்டில், நேற்றைய சாணி வேண்டாம், இன்றைக்குப் போட்டதுதான் வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தாள். பதினோரு மாட்டுச் சாணி சேர்ந்தது. வைக்கோலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, வெயிலில் வைத்துச் சூடான தண்ணீரில் அவளும் செல்வாம்பாளும் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கரைத்தார்கள். சரிக்குச் சரி தண்ணீர், கட்டி இருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் டேங்க் நிரம்பியது. சின்ன டிரம்மைக் கவிழ்த்து இறக்கி, கறுப்பு தார்ப்பாய் சுற்றிக் கயிறு கட்டினாள். சூடு போகக் கூடாது. சூட்டில்தான் அதுகள் பெருகும்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நாலு மணி பஸ். டேங்க்கில் தெர்மாமீட்டரை விடுவாள். பி.எச். தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். நோட்டில் எழுதுவாள். அடுத்த பஸ்ஸில் திரும்புவாள்.

"ஆஸ்பத்திரியில புள்ளையப் பாக்க வர்ற மாதிரி வர்ற," என்றாள் செல்வாம்பாள். "பழம் ஒண்ணும் வாங்கியாறலியா?"

எட்டாம் நாள் செல்வாம்பாள் மார்க்கெட்டிலிருந்தே போன் செய்தாள். சின்ன டிரம் ஒரு சாண் ஏறிவிட்டது என்று தணிகாசலம் சொல்லியனுப்பினாராம். துர்கா போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். நடுவில் குழுத் தலைவி ஹேமலதா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"எல்லாரும் பாக்கட்டும்னு நான்தான் கூப்புட்டேன்," என்றாள் செல்வாம்பாள்.

"அக்கா, இன்னிக்கு..." என்று துர்கா ஆரம்பிப்பதற்குள் செல்வாம்பாள் அடுப்பின் திருகைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தாள். அதுவும், யாரோ பக்கத்தில் நின்று ஊதியதுபோல அணைந்தது. மூன்றாவதும்.

"நல்லா காத்து வருதுடி," என்றாள் ஹேமலதா. "இதுக்கு எதுக்கு இவ்ளோ சாணி? ஒரு சைக்கிள் ட்யூபு போதுமே."

எல்லோரும் சிரித்தார்கள். துர்காவின் காது சுட்டது. முதலில் வருகிற கேஸில் எரியாத காற்றுதான் அதிகம் இருக்கும், எரிகிற கேஸ் அதற்குப் பிறகுதான் வரும், இது அவளுக்கு மனப்பாடம். ஆனால் சிரிப்பு அடங்கி அவள் வாய் திறப்பதற்குள் பெண்கள் சந்தில் இறங்கிவிட்டார்கள்.

"மூணாம் சனிக்கு வெறகு இருக்குதா செல்வா?" என்று ஹேமலதா போகிறபோது கேட்டாள். "இல்லன்னா சொல்லு, எடுத்தாறேன்."

அவர்கள் போன பிறகு துர்கா செல்வாம்பாளிடம் சொன்னாள். "இதை மொத்தமா வெளிய வுடணும்க்கா."

"எட்டு நாள் சேத்ததையா?"

"ஆமா."

செல்வாம்பாள் திருகைத் திறந்தாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. ஒரு சாண் ஏறின டிரம் அவர்கள் கண்ணெதிரே மெதுவாக இறங்கி, கரைசலில் உட்கார்ந்தது. கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் உள்ளே போனாள். துர்கா டீ குடிக்கவில்லை. செல்வாம்பாள் கேட்கவும் இல்லை.

பத்தாம் நாள் மழை. தெர்மாமீட்டர் நாலு டிகிரி இறங்கியிருந்தது. துர்கா நனைந்துகொண்டே டேங்க்கைச் சுற்றி வைக்கோலை அடைத்து, அதன்மேல் சாக்கு சுற்றி, திரும்பத் தார்ப்பாய் கட்டினாள். தணிகாசலம் குடையை அவளுக்குப் பிடிக்காமல் டேங்க்குக்குப் பிடித்தார்.

"அதுக்குத்தான் சளி புடிக்கக் கூடாது," என்றார்.

பதினோராம் நாள் டிரம் மறுபடி நாலு விரல் ஏறியது. குச்சியைக் காட்டினால் நீலமாக ஒரு குதி குதித்து அணைந்தது. எரிகிற கேஸ் வந்துவிட்டது, தள்ளுகிற பலம்தான் இல்லை. பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, டிரம் ஒரு சாணுக்கு மேலே நின்றது. துர்கா அதன்மேல் இரண்டு செங்கல்லை வைத்தாள். குச்சியைக் கிழித்தாள். அடுப்பு வட்டமாகப் பற்றிக்கொண்டது. பத்து எண்ணினாள். நின்றது. இருபது எண்ணினாள். செல்வாம்பாள் அவள் தோளைப் பிடித்து, "மூடு, மூடு, நாளைக்கு வேணும்," என்று கத்தினாள்.

*

மூன்றாம் சனிக்கிழமை காலையில் தணிகாசலம் நாமம் போட்டு, துளசி கட்டின செம்போடு தெருவெல்லாம் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்கி வந்தார். அந்த அரிசியில்தான் தளிகை. குழுப் பெண்கள் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள். ஹேமலதா சொன்னபடியே ஒரு கட்டு விறகு கொண்டுவந்து கொல்லைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

செல்வாம்பாள் குளித்த தலையோடு அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டுப் பற்ற வைத்தாள். பற்றிக்கொண்டது. புகை எங்கே என்று ஒருத்தி குனிந்து தேடினாள். சர்க்கரைப் பொங்கல் பானை ஏறியது, பொங்கியது, இறங்கியது. "கோவிந்தா" என்று தணிகாசலம் பெரிய குரலில் சொன்னார். செல்வாம்பாள் துர்காவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

கொண்டைக்கடலைச் சட்டி ஏறிப் பத்து நிமிடம் இருக்கும். தீ சின்னதாயிற்று. ஓரமாகத் தத்தியது. அணைந்தது. கொல்லையில் டிரம் அடியோடு இறங்கியிருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் ஹேமலதா. அவள் குரலில் கேலிகூட இல்லை. எழுந்து போய் விறகுக் கட்டைப் பிரித்தாள். "பொங்கலுக்கு ஒரு அடுப்பு, சுண்டலுக்கு ஒரு அடுப்புன்னா, எதுக்கு அது? இருக்கிற அடுப்பே போதும். என்னாங்கடி சொல்றீங்க?"

இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி எழுந்து கூந்தலை முடிந்தாள். இனி அவர்கள் போய்விடுவார்கள் என்று துர்காவுக்குத் தெரிந்தது. சைக்கிள் ட்யூப் சொன்ன அன்றைக்குப் போனதுபோல.

"நின்னது டேங்க் மேல தப்பு இல்ல," என்றாள்.

"கேக்கல, சத்தமாச் சொல்லு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேங்க் மேல தப்பு இல்ல. இதை ரொப்பிப் பதிமூணு நாள்தான் ஆவுது. ரெண்டு மாசமா ஓடிக்கிட்டிருந்த டேங்க்கா இருந்தா பொங்கல், சுண்டல், சாம்பாரு எல்லாம் ஆயிருக்கும். புரட்டாசிக்குக் கழுவினதாலதான் மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு."

"அப்போ என் மேல தப்பா?" என்று செல்வாம்பாள் அடுப்புப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"இல்லக்கா. என் தப்பு. நானும் அன்னிக்குத்தான் எங்க வூட்டு மீன் சட்டியைக் கழுவிப் பரண்ல ஏத்தினேன். எல்லா வூட்டுலயும் கழுவுவாங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும். அட்டையில எழுதியிருக்கணும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். பதினாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மின் மேலிருந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். "இது பாத்திரம் இல்லக்கா. வயிறு. புரட்டாசிக்கு நாம வயித்தைக் கழுவுறமா? கவுச்சியை நிறுத்தறோம், காயும் கஞ்சியும் சாப்புடறோம், அவ்ளோதான். இதுக்கும் அதேதான். ஆவணி பொறந்ததுமே மீன் ஊத்தறதை நிறுத்திடுங்க. புரட்டாசி வர்றதுக்குள்ள உள்ள இருக்கிறது கரைஞ்சு வெளிய போயிடும். கழுவவே வேணாம்."

கூந்தலை முடிந்தவள் கையை இறக்கினாள்.

"எங்க மாமியா இருந்தப்போ," என்றாள் செல்வாம்பாள், "புரட்டாசிக்கு முந்தின நாளு வெளக்கெண்ணெ குடுத்து வயித்தையும்தான் கழுவுச்சு."

கொல்லையே சிரித்தது. துர்காவும் சிரித்துவிட்டாள். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"சரி, கருவாட்டுத் தண்ணி ஊத்தலாமா?" என்றாள் ஹேமலதா. "எங்க வூட்டுல வாரத்துல நாலு நாளு கருவாடு."

"கூடாதுக்கா. உப்பு ஆவாது. அலசின தண்ணியைக் கீழ ஊத்திட்டுத் தலையையும் முள்ளையும் மட்டும் போடுங்க."

"ஆடி மாசக் கூழு மிஞ்சும்."

"போடலாம். ஒரேயடியாப் போட்டா புளிச்சுப் போவும். ஒரு நாளைக்கு ஒரு சொம்பு."

"அப்போ போகிக்கு?" என்றாள் சுவரோரம் இருந்த ஒருத்தி.

துர்கா கண்ணை மூடிக்கொண்டாள். போகி. வீட்டையே தூக்கி வெளியே போட்டுக் கழுவுகிற நாள். "போகிக்கும் கழுவாதீங்க," என்றாள். பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, முதல் வரியாக எழுதினாள்: எந்தப் பண்டிகைக்கும் டேங்க்கைக் கழுவக் கூடாது.

ஹேமலதா விறகைத் திரும்பக் கட்டவில்லை. ஒரு குச்சியை உருவிப் பழைய மண்ணடுப்பில் வைத்துச் சுண்டல் சட்டியை ஏற்றினாள். புகை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"பதினாலு வூடும் ஒரேடியா வேணாம். மொதல்ல மூணு வூடு வெக்கலாம். மூணாவது என் வூடு. மொத ரெண்டு பேருக்கு என்னா ஆவுதுன்னு பாத்துட்டு வெச்சிக்கறேன்."

மூன்று. துர்கா பதினாலை நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அன்பழகனிடம் சொல்ல மூன்று என்பது ஒரு எண்தான். பட்டறை மூலைக்கு அது போதும்.

"சரிக்கா."

"ஆனா தெரிஞ்சுக்க," என்றாள் ஹேமலதா. "மறுபடி பதிமூணு நாளெல்லாம் என்னால காத்துக்கெடக்க முடியாது. தெருவுல சாணி வேற கெடையாது, பாவாடை அடிக்க வருவாரு."

"சாணி வேணாம்," என்றாள் துர்கா. யோசிக்காமலேயே வந்தது. "இனிமே இந்த டேங்க்லேர்ந்து ரெண்டு கேன் எடுத்து ஊத்தினா போதும். நாலு நாள்ல புடிச்சிக்கும். இது வெறும் சாணியில வந்தது. யாரு வூட்டுக்கும் குடுக்கலாம்."

செல்வாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உறை மோரு மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்போ இந்தத் தெருவு மொத்தத்துக்கும் என் டேங்க்லேர்ந்துதான் உறை குத்தணும்?"

"ஆமாக்கா."

செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பார்வை நேராக ஹேமலதாவிடம் போனது.

"இப்பவே சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து கேக்கக் கூடாது. வெளக்கு வெச்ச பின்னாடியும் கேக்கக் கூடாது. தர மாட்டேன்."

"யாருடி கேக்கப் போறா?" என்றாள் ஹேமலதா. பிறகு, சுண்டலைக் கிளறிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை காலையில வந்தா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா. பாக்கலாம்."

துர்கா அட்டையை முழங்காலில் வைத்து அதையும் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கரைசல் கேட்கக் கூடாது. இலையில் பொங்கல் விழுந்தது. அவள் பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.